பழைய வண்ணாரப்பேட்டைச் சட்டக்கடையில் ஒரு பாலைவன ஓவியம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைக் கடந்து, தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதீனா படங்களும், மாலை போடுவதற்கென்று பெரிதாக்கிச் சட்டம் போட்ட காலஞ்சென்றவர்களின் புகைப்படங்களும்தான் அடையாளம். ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் புள்ளி ஓவியம் ஒன்றுக்குச் சட்டம் போட இங்கே கொடுத்திருந்தேன். கடையின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அதே கடையில் விற்கும் ஒரு சரக்கு சற்றும் பிடிக்கவில்லை. ஓவியம் எந்த நிலத்தைச் சேர்ந்தது என்ற கேள்விதான் இரண்டிலும் நடுவில் நிற்கிறது என்பதால், இந்த மதிப்புரையில் ஓவியத்தைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் அக்கா மகள் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறாள். அங்கிருந்து வடமேற்கே சுமார் 290 கிலோமீட்டர் தொலைவில், டனாமி பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள யுவெண்டுமு என்ற ஊரில், வார்ல்பிரி மக்கள் 1985 முதல் தாங்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் வார்லுகுர்லங்கு என்ற ஓவியர் அமைப்பிடம் நேரடியாக வாங்கி, அட்டைக் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அளவு 91க்கு 46 சென்டிமீட்டர். கூடவே ஓவியரின் பெயர், பட்டியல் எண், ஓவியம் சொல்லும் கதை ஆகியவை அச்சிட்ட சான்றிதழும் இருந்தது. அந்த அமைப்புக்கு வரும் பணத்தில் ஊர் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் திட்டம்கூட நடக்கிறது என்று அவள் சொன்னது எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது.

ஓவியத்தின் பொருள் ஙாப்பா ஜுகுர்ப்பா, அதாவது தண்ணீரின் ஆதிகதை. யுவெண்டுமுவுக்கு மேற்கே உள்ள புயுர்ரு என்ற இடம் அந்தக் கதைக்கு உரியது. மழையை வரவழைக்கத் தெரிந்த இரண்டு ஆடவர் பாடியதில் பெரும்புயல் ஒன்று எழுந்து, மின்னல் தரையை அடிக்க நாடெங்கும் நகர்ந்து போகிறது. வழியில் ஒரு பழுப்பு வல்லூறு அந்தப் புயலைத் தூக்கிச் சென்று மேற்கே இன்னோர் இடத்தில் போட, அங்கே ஒரு பெரிய ஊற்று உண்டாகிறது. ஓவியத்தில் நீண்டு நெளியும் கோடுகள் வெள்ளம். குட்டைக் கோடுகள் மழை மேகங்கள். சிறு வட்டங்கள் வறண்ட ஓடைப்படுகையைத் தோண்டினால் நீர் சுரக்கும் ஊற்றுகள். இவற்றுக்கு இடையிலுள்ள பரப்பை முழுக்கப் புள்ளிகள் நிரப்பியிருக்கின்றன. குச்சியின் முனையை அக்ரிலிக் வண்ணத்தில் தோய்த்துத் தொட்டுத் தொட்டு வைத்தவை அவை. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் துணியிலிருந்து எழுந்து நிற்பதும், குச்சியை எடுத்தபோது வண்ணம் இழுபட்ட சின்ன நுனிகூட அப்படியே உறைந்திருப்பதும் தெரியும். சில இடங்களில் வெள்ளைப் புள்ளிமேல் நீலப் புள்ளி சரியாக உட்காராமல் பிறை போல ஓரம் விட்டிருக்கிறது. இந்த எழுச்சியைப் பற்றித்தான் பின்னால் கடைக்காரரோடு நெடுநேரம் பேச வேண்டியிருந்தது.

கேன்வாஸை மேசைமீது விரித்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இதுல எதும்மா மேல் பக்கம்?" என்பதுதான். இந்தக் கேள்விக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இதற்கு முன் நான் விசாரித்த வேறொரு கடையில், கேட்காமலேயே நீளவாக்கில் வைத்து அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த ஓவியங்களுக்கு மேல் கீழ் கிடையாது. துணியைத் தரையில் விரித்துப் போட்டு, ஓவியர் அதன் ஓரத்தில் அமர்ந்து, கை எட்டாதபோது சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்து வரைகிறார். நாம் ஊர்க்காட்சி வரையும்போது அடிவானம் என்று ஒன்றை வைத்துக்கொள்கிறோமே, அது இங்கே இல்லை. நிலத்தை நேர் மேலிருந்து பார்ப்பதுபோல ஊற்று எங்கே, ஓடை எங்கே, யார் எந்த வழியாகப் போனார் என்பது துணியில் கிடக்கிறது. மணலில் விரலால் வரைந்து கதை சொல்வதும், சடங்குகளின்போது தரையில் காவிமண்ணையும் செடிகளின் பஞ்சு போன்ற இழைகளையும் கொண்டு பெரிய உருவங்களை அமைப்பதும், உடம்பில் கோலமிட்டுக்கொள்வதும் அந்தப் பாலைவன மக்களிடம் நெடுங்கால வழக்கம். துணி ஓவியம் அதிலிருந்து வந்தது.

இதைச் சொன்னதும் அவர் ஒரு நல்ல யோசனை செய்தார். பின்பக்கம் கொக்கி வளையங்களை ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்காமல், நீளப் பக்கத்திலும் அகலப் பக்கத்திலும் அடித்துவிட்டார். இப்போது படத்தைக் கிடையாகவும் மாட்டலாம், நெட்டுக்குத்தாகவும் மாட்டலாம். மாதத்துக்கு ஒருமுறை திருப்பி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் வேலை செய்யும் இளைஞருக்கு வேறொரு சந்தேகம். இணையத்தில் பார்த்த பூர்வகுடி ஓவியமெல்லாம் காவி, கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று மண் நிறத்தில் இருக்க, இது நீலமும் இளஞ்சிவப்புமாகப் பளிச்சென்று இருக்கிறதே, அசல்தானா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மண் நிற ஓவியங்கள் பெரும்பாலும் பப்புன்யா என்ற ஊரின் வழி வந்தவை. பின்டுபி, லுரிஜா, வார்ல்பிரி, அன்மட்ஜிரா, அரண்டா மக்களை அவரவர் நிலத்திலிருந்து அகற்றி ஒரே இடத்தில் அடைத்து, வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்கும் கொள்கையோடு அரசு நடத்திய குடியிருப்பு அது. 1971இல் அங்கே பள்ளி ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன் ஊக்கமளிக்க, மூத்த ஆடவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் ஆதிகதையை வரைந்தார்கள். கையில் கிடைத்த பலகைத் துண்டு, தரை ஓடு எல்லாவற்றிலும் வரைந்தார்கள். 1972இல் பப்புன்யா தூலா என்ற தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சுவரோவியத்தை 1974இல் வெள்ளையடித்து அழித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யுவெண்டுமுக்காரர்கள் 1980களில் வரையத் தொடங்கியபோது அந்த மண் நிறங்களுக்குள் தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. கடையில் கிடைத்த அக்ரிலிக் நிறங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டார்கள். எனவே நிறத்தை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியாது.

பப்புன்யாவில் அந்த ஆடவர்கள் வரைந்தது, தாங்கள் போக முடியாமல் போன இடங்களை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊற்றையும் பாறையையும், அவற்றை உண்டாக்கிய மூதாதையரின் பயணத்தையும் பலகையில் நினைவுபடுத்திக்கொண்டார்கள். ஓவியம் விற்ற பணமும், அதனால் வந்த தெம்பும் சேர்ந்து அவர்களில் பின்டுபி மக்கள் 1981இல் மேற்கே தங்கள் நாட்டிலுள்ள கின்டோருக்கே திரும்பிப் போய்க் குடியேற உதவின. என் அக்கா மகளின் வேலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸுக்காக ஊரைவிட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்து, சொந்த மண்ணைப் பார்க்காமலேயே இறந்துகொண்டிருந்த நிலையில், 2000ஆம் ஆண்டு சிட்னியில் பப்புன்யா தூலா ஓவியர்களின் படைப்புகளை ஏலம் விட்டு 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. நீதிமன்ற வழக்குகளில்கூட ஓவியம் பத்திரம் போலப் பேசியிருக்கிறது. கிரேட் சாண்டி பாலைவனத்தின் நில உரிமைக் கோரிக்கைக்காக, வால்மஜாரி, வாங்கஜுங்கா, மங்களா, ஜுவாலினி மக்கள் 1997இல் 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் ஒரே ஓவியத்தை வரைந்து தீர்ப்பாயத்தின் முன் விரித்தார்கள். ஒவ்வொருவரும் ஓவியத்தில் தம் பகுதியின்மேல் ஏறி நின்று, தம் மொழியிலேயே அந்த இடத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். 2007இல் உரிமை உறுதியானது.

ஙாப்பா கதையை நினைத்தவர்களெல்லாம் வரைந்துவிட முடியாது என்று நான் சொன்னபோதுதான் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வார்ல்பிரி மக்கள் எட்டு உறவுப் பிரிவுகளாக இருக்கிறார்கள். புயுர்ருவின் தண்ணீர்க் கதை ஜங்கலா, ஜம்பிஜின்பா ஆடவருக்கும் நங்கலா, நம்பிஜின்பா பெண்டிருக்கும் உரியது. தந்தை வழியில் கதைக்கு உரிமை பெற்றவர்கள் வரைய, தாய் வழியில் அதற்குப் பொறுப்பானவர்கள் அது முறைப்படி செய்யப்படுகிறதா என்று மேற்பார்க்கிறார்கள். கடைக்காரர் பழவேற்காட்டைச் சேர்ந்தவர். அப்பா காலத்தில் வண்ணாரப்பேட்டைக்கு வந்த குடும்பம். "எங்க ஊர்ல பாடு இருக்குதும்மா. ஏரி பொதுதான், ஆனா எந்த எடத்துல யார் வலை போடணும்னு முறை இருக்குது, தலைக்கட்டு இருக்குது. வெளியாள் வந்து எறங்க முடியாது" என்றார். பாலைவனத்து உரிமை முறையை நான் படித்த கட்டுரைகளைவிட அவர் ஒரு நிமிடத்தில் நெருங்கிப் பிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். பாடு முறையில் இருப்பது மீன்பிடி உரிமை. அங்கே உரிமையோடு அந்த இடத்தைப் பாடியும் வரைந்தும் பேணிக்காக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது என்ற வித்தியாசத்தை மட்டும் சொன்னேன். தலையசைத்துவிட்டுத் திரும்ப உளியை எடுத்துக்கொண்டார்.

இனி வேலையைப் பற்றி. உள்சட்டத்துக்கு இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்த தேக்கைப் பயன்படுத்தினார். காய்ந்து முடிந்த மரம் என்பதால் முறுக்காது என்பது அவர் கணக்கு. நான்கு மூலைகளையும் பசை போட்டு இறுக்காமல், உட்புறம் சின்ன மர ஆப்புகள் செருகியிருக்கிறார். பிற்காலத்தில் துணி தொய்ந்தால் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். துணியை இழுத்து அடிக்கும்போது முதலில் நான்கு பக்கத்திலும் நடுவில் ஒவ்வோர் ஆணி, பிறகு எதிரெதிராக மூலை நோக்கி என்று போனதைப் பார்க்கவே திருப்தியாக இருந்தது. ஸ்டேப்ளர் பின் வேண்டாம், இந்தப் பக்கம் கடல் காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும் என்று அவரே சொல்லிப் பித்தளை ஆணி அடித்தார். காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிற எனக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

கண்ணாடி விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு. அவருக்குக் கண்ணாடி இல்லாத படம் முழுமை பெறாத படம். ஆனால் எழுந்து நிற்கும் புள்ளிகள்மேல் கண்ணாடி அழுந்தினால் அக்ரிலிக் வண்ணம் நம் ஊர் வெயிலில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணமும் பிடிக்கும். கடைசியில், துணிக்கும் வெளிச்சட்டத்துக்கும் இடையே சுற்றிலும் அரை அங்குலம் இடைவெளி விட்டு, கறுப்பு மரச்சட்டம் மட்டும் போட ஒப்புக்கொண்டார். ஓவியத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிகூடச் சட்டத்துக்குள் மறையவில்லை. தங்க நிற பீடிங் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தார். அதை அவருடைய தொழில் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

குறைகளும் உண்டு. துணியின் பின்பக்கம் ஓவியரின் பெயரும் பட்டியல் எண்ணும் எழுதியிருப்பதை முன்பே காட்டியிருந்தும், வாங்கப் போனபோது பின்பக்கம் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். அந்த எண்ணும் சான்றிதழிலுள்ள எண்ணும் பொருந்துவதுதான் ஓவியத்தின் பூர்வோத்தரத்துக்கு ஆதாரம். முகம் சுளிக்காமல் காகிதத்தைக் கிழித்து, எண் தெரியும் அளவுக்குத் திறந்துவிட்டார்கள் என்றாலும், முதலிலேயே செய்திருக்கலாம். சொன்ன தேதியில் வேலை முடியவில்லை. ஆடி மாதம் அம்மன் படங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்ததாம். ரசீது கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார்கள்.

பிடிக்காத சரக்கு எது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். கடையின் உள்சுவரில் கங்காரு, பல்லி, ஆமை உருவங்களைப் புள்ளிகளால் நிரப்பிய அச்சுப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இணையத்திலிருந்து இறக்கி, கேன்வாஸ் துணியில் அச்சடித்து, 'ஆஸ்திரேலிய ஆதிவாசி ஓவியம், 40,000 ஆண்டுப் பழமை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். கதைகளும் உருவங்களும் மிகப் பழமையானவை என்பது உண்மை. ஆனால் பலகையிலும் துணியிலும் அக்ரிலிக் புள்ளிகளால் வரையும் இந்த வடிவம் 1971க்குப் பிறகு வந்தது. புள்ளிகள் இவ்வளவு பெருகியதற்கே ஒரு காரணம் உண்டு. ஆரம்பகாலப் பலகைகளில் சடங்கு இரகசியங்கள் வெளிப்படையாகத் தெரிந்தன. தீட்சை பெறாதவர் பார்க்கக் கூடாதவற்றைக் காட்டிவிட்டீர்கள் என்று மற்றப் பூர்வகுடிச் சமூகத்தார் கண்டித்தபின், ஓவியர்கள் அந்த இடங்களைப் புள்ளிகளால் மூடத் தொடங்கினார்கள். மறைப்பதற்காகப் பெருகிய புள்ளியைச் சுவருக்கு அழகாக இருக்கிறதென்று கங்காருவின் வயிற்றில் நிரப்பி விற்பதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது. எந்த இடம், யாருடைய கதை, யார் வரைந்தது என்று எதுவுமே அந்தச் சீட்டில் இல்லை.

கேட்டபோது, "வாங்கறவங்க கேக்கறாங்கம்மா, நாங்க போடறோம்" என்றார். போதாக்குறைக்கு, என்னுடையதையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டால் நன்றாக விற்கும், அச்சுக்கூலியில் எனக்கும் பங்கு தருகிறேன் என்று ஒரு யோசனை சொன்னார். துணி என்னுடையதே தவிர நகலெடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது என்று மறுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் ஓவியர் கைக்கு வராமல் போன பணத்துக்கு ஒரு கதையும் சொன்னேன். கிளிஃபோர்ட் போசம் என்ற பெரும் ஓவியர் 1977இல் வரைந்த 'வார்லுகுலோங்' 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு ஒரு வங்கிக்கு விற்கப்பட்டு, அதன் ஊழியர் பயிற்சி மையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே 2007இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 24 லட்சம் டாலருக்கு வாங்கியது; ஓவியர் 2002இலேயே இறந்துவிட்டிருந்தார், அவர் குடும்பத்துக்கு அந்த விற்பனையில் சட்டப்படி ஒரு காசும் சேரவேண்டியிருக்கவில்லை. 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கு என்ற சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. போலிகளுக்கும் அங்கே தண்டனை உண்டு. இந்தோனேசியாவில் செய்த பொருள்களைப் பூர்வகுடியினர் கைவேலை என்று நம்பவைத்து விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது அச்சுப் படங்கள் அங்கேயேதான் இருந்தன. சீட்டில் 40,000 ஆண்டு என்ற வரியை மட்டும் மையால் அடித்திருந்தார்கள். பாடு முறையை அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்ன மனிதர், இன்னொருவருடைய பாடு உள்ள இடத்தில் தாமே வலை போடுவதைப் பார்க்க மறுக்கிறார் என்பது என் மனத்தாங்கல். அதற்காக அவர் கைவேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உள்சட்டம், வெளிச்சட்டம், ஆணி, கொக்கி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் வாங்கினார். பெரிய காட்சிக்கூடங்களுக்குச் சட்டம் போட்டுக்கொடுக்கும் தென்சென்னைக் கடை ஒன்றில் இதே வேலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள். சுருட்டி வந்த கேன்வாஸ் எதுவாக இருந்தாலும், வண்ணம் வெளிப்பக்கம் இருக்குமாறு சுருட்டி எடுத்துப்போங்கள். உள்பக்கம் சுருட்டினால் புள்ளிகள் ஒன்றோடொன்று உரசும். பின்பக்கம் காகிதம் ஒட்ட வேண்டாம் என்பதை வாயால் சொல்வதோடு துண்டுச் சீட்டிலும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆடி மாதத்தையும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களையும் தவிர்த்து, காலையில் கடை திறந்த கையோடு போனால் அவரே உட்கார்ந்து அளவெடுப்பார். மாலையில் போனால் இளைஞர்தான் இருப்பார், அவர் கேட்காமலேயே தங்க பீடிங்கை எடுத்து வைத்துவிடுவார்.